ஃபிட்ஸ் மருந்தும் பிள்ளையின் வளர்த்தியும்: மாற்றுவதா, தொடர்வதா?

என் மகளுக்கு ஏழரை வயது இருக்கும்போது ஆரம்பித்தது. சோறு ஊட்டிக்கொண்டிருப்பேன், மென்றுகொண்டே இருப்பவள் அப்படியே நின்றுவிடுவாள். கண் ஒரே இடத்தில் நிலைகுத்தும், இமை மட்டும் லேசாகத் துடிக்கும். பத்து விநாடிதான். பிறகு எதுவுமே நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து மெல்லுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், "பாடத்துல கவனமே இல்ல, எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கா" என்றார். ஒருநாள் விடிகாலையில் கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளிய பிறகுதான் மருத்துவரிடம் ஓடினோம். அவர் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, "விடாம ஊதும்மா, நிறுத்தக் கூடாது" என்றார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஊதிக்கொண்டிருந்தவள் நின்றாள், காற்றாடியும் நின்றது. அன்றைக்கே மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி எடுத்தார்கள், வலிப்புதான் என்று சொல்லி அன்றைக்கே சோடியம் வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தை எழுதிக் கொடுத்தார்கள்.

மருந்து நன்றாகக் கேட்டது. இரண்டு மாதத்தில் அந்த 'நின்றுபோவது' முழுதாக நின்றது. இழுப்பு மறுபடி வரவே இல்லை. ஆனால் 11 மாதத்தில் 23 கிலோவிலிருந்து 31 கிலோ ஆனாள். என் மாமியாருக்கு ஒரே சந்தோஷம். "பிள்ள இப்பத்தான் நல்லா பூரிச்சிருக்கா, கண்ணு பட்டுரும்" என்று வாரம் தவறாமல் சுற்றிப்போட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். யூனிஃபார்மை இரண்டாம் முறை பிரித்துத் தைக்கக் கொடுத்த அன்றுதான் மனசில் ஏதோ இடித்தது.

அடுத்த முறை போனபோது மருத்துவர் எடை நோட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல பெரிய மனுஷி ஆயிருவா. இதே மருந்துல போகணுமா, மாத்தணுமான்னு இப்பவே யோசிப்போம். வீட்ல பேசிட்டு வாங்க" என்றார். நாங்கள் பேசியதும், கேட்டதும், படித்ததும், மூன்று முறை அவரிடமே போய் விளக்கம் கேட்டுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை. எங்கள் முடிவு உங்கள் பிள்ளைக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. எதை எதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஒரு பெற்றோருக்காவது தெரிந்தால் போதும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்தக் காரணத்துக்காகவும் வலிப்பு மருந்தை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரைக்கு முன்னால் அளவுகோல்

எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம், மருந்து தொடங்கிய அன்று மகளின் உயரத்தை நான் குறித்து வைக்கவில்லை. எடை மருத்துவமனைச் சீட்டில் இருந்தது. உயரம் இல்லை. பள்ளி மருத்துவ முகாம் அட்டையில் 120 செ.மீ. என்று எழுதியிருந்ததால் தப்பித்தேன்.

அது ஏன் முக்கியம்? ஐந்து வயதிலிருந்து பருவமடையும் வரை பிள்ளைகள் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. உயருவார்கள், 2 முதல் 3 கிலோ எடை போடுவார்கள். ஆண்டுக்கு 4 செ.மீ.க்கும் குறைவாக உயர்ந்தால் காரணம் தேட வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தினமும் பார்க்கிற நமக்கு வளர்வதும் தெரியாது, வளராததும் தெரியாது. 5 வயது முதல் 18 வயது வரை உள்ள நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டால் அதில் புள்ளி வைத்துக் காட்டுவார். ஒரு புள்ளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆறு மாத இடைவெளியில் மூன்று புள்ளி இருந்தால் கோடு எங்கே போகிறது என்று தெரியும்.

இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். வளர்ச்சிக் குறைவு எல்லாமே மருந்தால் வருவதில்லை. மூளைவாதம் உள்ள பிள்ளை, விழுங்கச் சிரமப்படும் பிள்ளை, நடக்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளை ஆகியோருக்கு மருந்தே இல்லாவிட்டாலும் எடையும் எலும்பும் குறைவாகத்தான் இருக்கும். தொடக்க அளவு கையில் இருந்தால்தான் மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

வலிப்பின் வகை முதலில் தேர்ந்தெடுக்கிறது

என் அண்ணன் மகனுக்கும் வலிப்பு உண்டு. அவனுக்கு ஒரு பக்கக் கை மட்டும் இழுக்கும் வகை, கார்பமசெபின் சாப்பிடுகிறான். அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்கிறது, எடையும் பெரிதாக ஏறவில்லை. "அதையே இவளுக்கும் கேட்டுப் பாரு" என்றார் அண்ணன். கேட்டேன். மருத்துவர் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். என் மகளுக்கு வருகிற, நினைவு நொடியில் அறுந்துபோகும் வகைக்குக் கார்பமசெபின் கொடுத்தால் குறைவதற்குப் பதிலாகக் கூடும். திடுக்கென்று கை உதறும் வகைக்கும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்திய மருந்து என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. வலிப்பு வகைக்குப் பொருந்தும் இரண்டு மூன்று மருந்துகளுக்குள்தான் வளர்த்தியை வைத்து நாம் தேர்ந்தெடுக்க முடியும்.

கார்பமசெபினுக்கு வளர்ச்சிச் சிக்கல் இல்லை என்றும் சொல்ல முடியாது. அண்ணன் மகன் இரண்டு வருடமாக "கால் வலிக்குது, கால் வலிக்குது" என்று ராத்திரியில் அழுவான். வளர்கிற வலி என்று எண்ணெய் தேய்த்துவிட்டோம். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வைட்டமின் டி மிகவும் குறைவு. கார்பமசெபின், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டல் ஆகிய மூன்று பழைய மருந்துகளும் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடும். முடுக்கிவிட்ட நொதிகள் வைட்டமின் டியையும் வேகமாகச் சிதைக்கும். டி குறைந்தால் உணவில் உள்ள கால்சியம் உடம்பில் சேராது, எலும்பு மெலியும், முற்றினால் கால் வளையும். வெயில் கொளுத்தும் ஊரில் இருக்கிறோம், நமக்கு எங்கே டி குறையப் போகிறது என்று நினைக்கக் கூடாது. காலை எட்டு மணிக்கு வேனில் ஏறி மாலை ஐந்து மணிக்கு இறங்கும் பிள்ளை வெயிலைப் பார்ப்பதே இல்லை. அவனுக்கு டி மருந்து கொடுத்து மூன்றே மாதத்தில் கால் வலி போனது. வலிப்பு மருந்தை மாற்றவே இல்லை. சில சமயம் முடிவு இவ்வளவு எளிதாகவும் இருக்கும்.

மற்ற இரண்டு பழைய மருந்துகளையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஃபெனிட்டாயின் பல வருடம் சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஈறு தடித்துப் பல்லை மூடத் தொடங்கும், முகத்திலும் கையிலும் முடி அதிகமாகும். எலும்புச் சிக்கல் அதற்கும் உண்டு. அவசரத்துக்கு அது நல்ல மருந்து, ஆனால் வளரும் பிள்ளைக்கு வருடக் கணக்கில் கொடுக்க நான் தயங்குவேன். ஃபீனோபார்பிட்டல் 1912 முதல் வலிப்புக்குப் பயன்படுகிறது. விலை குறைவு, பச்சிளங்குழந்தைகளுக்கு இன்றும் முதலில் கொடுப்பது அதைத்தான். அதில் உடல் வளர்ச்சியைவிட அறிவு வளர்ச்சி பற்றிய கவலைதான் பெரிது. காய்ச்சல் வலிப்பு வந்த 217 சின்னக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வு 1990இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டு முடிவில், ஃபீனோபார்பிட்டல் பிரிவுக் குழந்தைகளின் சராசரி அறிவுத்திறன் மதிப்பெண் மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்த பிரிவைவிட 8.4 குறைவாக இருந்தது. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகும் 5.2 குறைவாகவே இருந்தது. தேவை முடிந்த பிறகும் பழக்கத்தால் தொடரும் ஃபீனோபார்பிட்டல் சீட்டு உங்களிடம் இருந்தால், "இன்னும் இது வேணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

வால்புரோயேட்டிலேயே இருந்தால்

இனி எங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் முன்னால் நான்கு வழி இருந்தது. வால்புரோயேட்டைத் தொடரலாம். அல்லது லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டாம், டோபிராமேட் இவற்றில் ஒன்றுக்கு மாறலாம். எத்தோசக்சிமைடு என்ற ஐந்தாவது மருந்து என் மகளுக்கு வரும் நினைவறுந்த வலிப்புக்கு மிக நல்லது. ஆனால் கை கால் இழுக்கும் பெரிய வலிப்பிலிருந்து அது காப்பாற்றாது. அவளுக்கு அது ஒருமுறை வந்துவிட்டதால் அந்த வழி அடைபட்டது. நினைவறுந்த வலிப்பு மட்டும் உள்ள பிள்ளை என்றால் முதலில் கேட்க வேண்டிய மருந்து அதுதான். எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது, அலைய வேண்டிவரும்.

வால்புரோயேட்டின் பலம், அது கேட்கிறது. 453 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. 16 வாரம் கழித்து, மருந்து பலன் தந்து, தாங்கவும் முடிந்து அதிலேயே தொடர்ந்தவர்கள் வால்புரோயேட்டில் 100க்கு 58 பேர், எத்தோசக்சிமைடில் 53 பேர், லாமோட்ரிஜினில் 29 பேர். இந்த 29 என்ற எண்ணைப் பார்த்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் மாற நினைத்த மருந்தே அதுதான்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. கவனக் குறைவு வால்புரோயேட் பிரிவில் 100க்கு 49 பேருக்கு, எத்தோசக்சிமைடு பிரிவில் 33 பேருக்கு. வலிப்பு நின்றால் படிப்பு தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்த எனக்கு இது புதுச் செய்தி.

எடை விஷயத்துக்கு வருகிறேன். வால்புரோயேட் பசியைத் தூண்டும், இன்சுலின் வேலை செய்யும் விதத்தையும் மாற்றும். என் மகள் சாப்பிட்டுக் கை கழுவிய அரை மணியில் டப்பா டப்பாவாகத் திறந்து பார்ப்பாள். முறுக்கு, பிஸ்கட், எதுவும் இல்லையென்றால் வெறும் சர்க்கரை. "ஏண்டி இப்பத்தானே தின்ன" என்று திட்டியிருக்கிறேன். அது அவள் தப்பு இல்லை, மருந்து தூண்டுகிற பசி என்று தெரிந்த அன்று என்னை நானே மன்னிக்க முடியவில்லை. இதைப் படிக்கிற அம்மாக்கள் யாராவது அப்படித் திட்டிக்கொண்டிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. பருவமடையும் வயதில் வால்புரோயேட் சாப்பிட்டால் சினைப்பை நீர்க்கட்டி, மாதவிலக்கு ஒழுங்கின்மை, முகத்தில் முடி வளர்வது ஆகியவை வரும் வாய்ப்பு கூடுகிறது. பின்னாளில் கர்ப்பமாக இருக்கும்போது அந்த மருந்தைச் சாப்பிட்டால், பிறக்கும் குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 10 பேருக்கு உடற்குறைபாடும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சி, பேச்சு, படிப்புச் சிக்கலும் வருகிறது. 2018இல் ஐரோப்பாவும் பிரிட்டனும், வேறு வழி இருக்கும்போது பெண்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது இதனால்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏன் இந்தப் பேச்சு என்று என் கணவர் கேட்டார். நன்றாகக் கேட்கிற மருந்தை யாரும் தொடமாட்டார்கள், எட்டு வயதில் தொடங்கியது பதினெட்டு வரை போய்விடும் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் முடிவு பாதி அப்போதே ஆகிவிட்டது.

ஆண் பிள்ளையாக இருந்தால் நான் வால்புரோயேட்டில் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பேன். சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, விளையாட அனுப்பி, ஆறு மாதம் பார்த்திருப்பேன். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் கணக்கு வேறு. அந்த வயதில் இந்த மருந்து கல்லீரலைப் பாதிக்கும் ஆபத்து கூடுதல் என்பதால் மருத்துவர்களே தயங்குவார்கள்.

டோபிராமேட்: எடை குறையும், ஆனால்

எடை ஏறுகிறது என்றால் எடை குறைக்கும் மருந்துக்கு மாறலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எங்கள் தெருவில் ஒரு பையன் டோபிராமேட் சாப்பிடுகிறான். அவன் அம்மா மாலையில் டிபன் டப்பாவைத் திறந்து காட்டினார். வைத்த எலுமிச்சைச் சாதம் அப்படியே இருந்தது, ஓரத்தில் இரண்டு வாய் எடுத்த பள்ளம் மட்டும். பசியே இல்லையாம். அதைவிட என்னை உலுக்கியது அவன் பேச்சு. சொம்பு என்ற சொல் வரவில்லை. "அம்மா அந்த... அந்த... தண்ணி ஊத்துறது..." என்று கையால் காட்டினான். ஒன்பது வயது. சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்பது இந்த மருந்தில் தெரிந்த விளைவு. அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ சரியாகும் என்றாலும், படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய இடைஞ்சல்.

உயரத்தையும் இந்த மருந்து தொடும். டோபிராமேட், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றிவிடுவதால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும். அதைச் சரிக்கட்ட உடம்பு எலும்பிலிருந்து காரப்பொருளை எடுக்கும். இது வருடக் கணக்கில் நடந்தால் எலும்பு மெலியும், பிள்ளை உயரும் வேகம் குறையும், சிறுநீரகக் கல்லும் வரலாம். சோனிசமைடு என்ற வலிப்பு மருந்தும் இதே மாதிரிதான். இதைச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு அவ்வப்போது ரத்த பைகார்பனேட் பரிசோதனை எடுக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வைக்க வேண்டும். நம் ஊருக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த மருந்தில் வியர்வை குறையும். கத்திரி வெயிலில் வியர்க்காத பிள்ளைக்கு உடம்பு சூடேறிக் காய்ச்சல் போல் கொதிக்கும். மே மாதம் மைதானத்துக்கு அனுப்புமுன் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டிய மருந்து இது. வேறு மருந்து கேட்காத பிள்ளைகளுக்கு இது உயிர்காப்பதை நான் மறுக்கவில்லை. எடை குறையும் என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

லெவெடிராசெட்டாமா, லாமோட்ரிஜினா?

லெவெடிராசெட்டாம் வளர்ச்சியைப் பெரிதாகத் தொடுவதில்லை. கல்லீரல் நொதிகளை முடுக்குவதில்லை, மற்ற மருந்துகளோடு மோதுவதும் குறைவு, சில நாட்களிலேயே முழு அளவுக்கு வந்துவிடலாம். அதன் விலை பிள்ளையின் குணத்தில் தெரியும். எரிச்சல், கோபம், காரணமில்லாத அழுகை. எல்லாருக்கும் வராது, வருகிற வீட்டில் தாங்க முடியாது. ஏற்கெனவே முன்கோபமோ துறுதுறுப்போ அதிகம் உள்ள பிள்ளை என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். என் மகளின் நினைவறுந்த வலிப்புக்கு அது முதல் வரிசை மருந்தும் இல்லை.

லாமோட்ரிஜின் எடையை ஏற்றாது, இறக்காது. மந்தமாக்காது. பெண் பிள்ளைகளின் பிற்காலத்துக்கும் வால்புரோயேட்டைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. குறை இரண்டு. ஒன்று, நான் சொன்ன அந்த 29. இரண்டு, தோல் தடிப்பு. வேகமாக அளவைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரலாம், பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு பெரியவர்களைவிடக் கூடுதல். கூடவே வால்புரோயேட் இருந்தால் லாமோட்ரிஜின் ரத்தத்தில் இரண்டு மடங்கு தங்கும் என்பதால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

அந்த 29ஐ மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். "அது அப்பத்தான் மருந்து தொடங்குற பிள்ளைங்க கணக்கும்மா. இவளுக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷமா வலிப்பே இல்ல. மெதுவா மாத்துவோம். திரும்ப வந்தா பழைய மருந்து எங்கயும் போயிராது, குறைஞ்ச அளவுல அதையும் சேத்துக்கலாம்" என்றார். திரும்பி வர ஒரு வழி இருக்கிறது என்ற அந்தச் சொல்தான் எங்களைத் துணிய வைத்தது.

இந்த ஒப்பீட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள்

மேலே சொன்னது எல்லாம் ஒரு மருந்தில் அடங்கும் பிள்ளைகளுக்கு. கைக்குழந்தைக்குத் தொடர்ச்சியாகத் தலை குனிந்து உடல் சுருங்கும் வலிப்பு வந்தால், ஹார்மோன் ஊசி அல்லது ஸ்டீராய்டு கொடுப்பார்கள். முகம் ஊதும், கொஞ்ச நாள் வளர்ச்சி தடைபடும். அங்கே தயங்கவே கூடாது, ஒவ்வொரு வாரத் தாமதமும் மூளை வளர்ச்சியைத் தின்றுவிடும். மூன்று நான்கு மருந்துக்கும் அடங்காத பிள்ளைகளுக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு உண்டு. இட்லி, தோசை, சோறு எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்க வேண்டும், அதிலும் உயர வளர்ச்சி மட்டுப்படும். அந்த நிலையில் இருக்கும் பெற்றோர் மூளை அறுவை சிகிச்சை பற்றியும் கேட்க வேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஓர் ஆண்டு முடிவில் அறுவை செய்தவர்களில் 77 சதவீதம் பேர் வலிப்பில்லாமல் இருந்தார்கள், மருந்து மட்டும் தொடர்ந்தவர்களில் 7 சதவீதம். மூன்று மருந்தின் பாரத்தையும் ஒரு சின்ன உடம்பு வருடக்கணக்கில் சுமப்பதோடு ஒப்பிட்டால் அறுவை என்ற சொல்லுக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

நாங்கள் செய்தது

லாமோட்ரிஜினுக்கு மாறினோம். 5 மி.கி. கரையும் மாத்திரையில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி, அதன் பிறகே வால்புரோயேட்டை இறக்கினோம். மொத்தம் நான்கரை மாதம் ஆனது. தினமும் குளிப்பாட்டும்போது முதுகு, கழுத்து, வாய்க்குள் எல்லாம் தடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருமுறை கழுத்தில் சிவந்திருந்ததைப் பார்த்து இரவு பத்து மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடினோம், வேர்க்குரு. வால்புரோயேட் கடைசிப் படியில் இருந்தபோது ஒருநாள் சாப்பிடும்போது கரண்டியோடு நின்றாள். ஐந்து விநாடி. என் வயிறு கலங்கிவிட்டது. லாமோட்ரிஜினை ஒரு படி கூட்டினார்கள், அதன் பிறகு இன்றுவரை வரவில்லை.

ஒரு விஷயம் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. மருந்து வளர்த்தியைத் தொடுவது போலவே வளர்த்தியும் மருந்தைத் தொடும். பிள்ளைகளுக்கு மருந்தின் அளவு எடையை வைத்துப் போடுவது. 23 கிலோவுக்கு எழுதிய அளவையே பழைய சீட்டை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தால், 31 கிலோ ஆகும்போது கிலோவுக்குக் கிடைக்கும் மருந்து கால் பங்குக்கும் மேல் குறைந்திருக்கும். நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென வலிப்பு திரும்பினால் இதையும் பார்க்க வேண்டும். சிரப்பை வீட்டுக் கரண்டியில் ஊற்றாமல், உடன் வரும் அளவுக் குப்பியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுக்க வேண்டியதும் அதனால்தான்.

இப்போது அவளுக்கு ஒன்பதரை வயது முடிந்துவிட்டது. மருந்து மாற்றத் தொடங்கியபோது 125.5 செ.மீ. இருந்தாள். 14 மாதத்தில் 132 ஆகியிருக்கிறாள், எடை 33 கிலோ. டப்பாக்களைத் திறந்து பார்ப்பது நின்றுவிட்டது. முழுதாக இரண்டு வருடம் வலிப்பில்லாமல் போனால் மறுபடி ஈஈஜி எடுத்து, மருந்தைக் குறைக்கலாமா என்று பார்க்கலாம் என்றிருக்கிறார் மருத்துவர். அந்த ஐந்து விநாடியிலிருந்து எண்ணினால் இன்னும் 14 மாதம் இருக்கிறது. சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதியும் எடையும் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை கோடு போடும்போது குதிகாலைத் தூக்கிவிட்டாள், அழித்துவிட்டு மறுபடி போட்டோம்.